பழைய பேப்பர் கடை அண்ணாச்சிக்கும் கூட நின்ன எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஹெர்பேரியம், அதாவது காய வச்ச செடிங்கள ஷீட்டுல தச்சு லேபிள் ஒட்டிப் பாதுகாக்கற எடம், நனைஞ்சு போன அந்த ராத்திரி என்ன நடந்துச்சுன்னு பாதி பேருக்கு நேர்லயே தெரியும், மீதி பேர் போட்டோவுல பாத்துட்டீங்க, அத திரும்ப எழுத எனக்கு மனசு வரல. நேத்து சாயங்காலம் கடைசிக் கட்டப் பிரிச்சுப் பாத்தேன், தாள் மொறுமொறுன்னு காஞ்சிருந்துச்சு. பன்னெண்டு நாளுக்கப்புறம் நேத்துதான் ஒழுங்கா ஒரு வாய் சோறு எறங்குச்சு. மனசு இப்படி நெறஞ்சு இருக்கும்போதே எழுதிடணும்னு உக்காந்துட்டேன்.

முதல்ல அண்ணாச்சி. பேர் போட வேண்டாம்னுட்டார், அதனால அண்ணாச்சின்னே எழுதறேன்.

ஹெர்பேரியத்துக்கு ஈரம்தான் எமன். நனைஞ்ச ஷீட்ட ரெண்டு நாளைக்குள்ள காய வைக்கலன்னா பூசணம் புடிச்சிரும், அப்புறம் அது செடியும் இல்ல தாளும் இல்ல. ஃபேன் காத்து மட்டும் பத்தாது, ஒவ்வொரு ஷீட்டுக்கும் மேலயும் கீழயும் ஈரம் உறியற தாள் வச்சு, கனம் ஏத்தி, முதல் நாள் மட்டும் நாலஞ்சு தடவ தாள மாத்தணும். எங்ககிட்ட இருந்த பிளாட்டிங் பேப்பர் ஒரு பீரோவுக்குக் கூடக் காணாது. ராத்திரி பத்தரை மணிக்கு நான் போய் நின்னப்ப அண்ணாச்சி ஷட்டர பாதி எறக்கியிருந்தார். என்ன கேட்டேன்னே எனக்கு ஞாபகமில்ல, கிலோ என்ன வெலன்னு கேட்டிருப்பேன். "என்ன சார் நனைஞ்சு போச்சு"ன்னார். செடின்னேன். "எத்தன வருசத்துச் செடி"ன்னார். சிலது எண்பது வருசத்துக்கு மேல அண்ணாச்சின்னு சொல்லும்போதே எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. அவர் ஒண்ணும் சொல்லல, ஷட்டர மறுபடி மேல தூக்கிட்டு "நீங்க போங்க சார், நான் கொண்டாரேன்"ன்னார்.

பன்னெண்டு மணிக்கு மேல ஒரு குட்டியானை வண்டி நெறைய கொண்டு வந்து எறக்குனார். கட்டப் பிரிச்சா எல்லாமே கறுப்பு வெள்ளைப் பக்கம். கலர் பக்கத்தையும் வழவழன்னு இருக்கற இணைப்பையும் அவரும் அவர் வீட்டம்மாவும் உக்காந்து ஒவ்வொண்ணா உருவிப் போட்டுட்டுத்தான் கட்டியிருக்காங்க. நாங்க யாரும் சொல்லல, அந்தப் பதட்டத்துல எங்களுக்கே தோணல. கேட்டதுக்கு "கலர் தாள் ஈரம் பட்டா சாயம் எறங்கிரும்லா சார், வழவழ தாள் தண்ணியக் குடிக்காது"ன்னு சாதாரணமாச் சொல்லிட்டு அடுத்த கட்ட எறக்கப் போயிட்டார். அந்த ஒரு வேலைய அவர் செய்யாம இருந்திருந்தா செவப்பும் நீலமுமா எத்தன ஷீட்டு பாழாயிருக்கும்னு நெனச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு படபடங்குது. அதுக்கப்புறமும் தெனம் காலையிலயும் சாயங்காலமும் வந்து ஈரத் தாள அள்ளிட்டுப் போய், தன் வீட்டு மாடியில விரிச்சுக் காய வச்சு, திரும்பக் கொண்டு வந்து கொடுத்தார். காசு வாங்கல.

ராத்திரி தாள் மாத்திக்கிட்டே இருக்கறப்ப நெனப்பு எங்கெங்கயோ போச்சு. 1776ல தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர் பாதிரியார் சேத்த செடிங்க இன்னைக்கும் லண்டன் கியூ தோட்டத்துல இருக்கு, தமிழ்-இங்கிலீஷ் அகராதி ஒண்ணுக்கும் உழைச்ச மனுசன் அவர். சரி, கடலோரத்துல, ஐப்பசி கார்த்திகை அடமழையில, அந்தச் செடிக்கெல்லாம் தாள் மாத்திக் கொடுத்தது யாரு? லேபிள்ல அந்தப் பேர் இல்லையே. தென்னிந்தியச் செடிங்கள ஆராஞ்ச ராபர்ட் வைட் தன் புத்தகங்களுக்குப் படம் வரைஞ்ச ரங்கையாவையும் கோவிந்துவையும் மறைக்கல, ஒரு ஆர்க்கிடு பேரினத்துக்கே கோவிந்தூயியான்னு பேர் வச்சார். பின்னால அந்தச் செடிய வேற பேரினத்துல சேத்துட்டாங்க, ஆனா அந்தக் காலத்துல அது சின்ன காரியம் இல்ல. 1967ல திருச்சி செயின்ட் ஜோசப்ஸ் காலேஜ்ல ஹெர்பேரியம் ஆரம்பிச்ச மேத்யூ ஃபாதரும் தன் பேர வைக்கல, தனக்கு முன்னாடி அங்கயே பாடம் நடத்தி செடி சேத்த ராபினாட் ஃபாதர் பேரத்தான் வச்சார். 1943ல குண்டு விழுந்து பெர்லின் ஹெர்பேரியம் எரிஞ்சதையும் அன்னைக்கு ராத்திரி நெனச்சேன், நெனச்சிருக்கக் கூடாது, கை நடுங்கிருச்சு.

எங்க பழைய வாத்தியார் எடுத்த ஷீட்டுல லேபிள் எல்லாம் பென்சில் எழுத்து. தண்ணியில ஊறியும் ஒரு எழுத்து அழியல. நாங்க போன வருசம் பிரிண்டர்ல அடிச்சு ஒட்டுன லேபிள்தான் கரைஞ்சு ஓடிருச்சு. அவர் நம்ம ஏரியில எடுத்த கொட்டிங்கற நீர்ச்செடியோட ஷீட்டும் தப்பிச்சிருச்சு. அந்த ஏரி இருந்த எடத்துல இப்ப பஸ் ஸ்டாண்டு நிக்குது, அங்க கொட்டி இருந்துச்சுங்கறதுக்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி. பதினோரு ஷீட்டக் காப்பாத்த முடியல, அத மறைக்க விரும்பல.

மத்தவங்களையும் சொல்லணும். வீட்டுக்குப் போகாம நின்ன ஹாஸ்டல் பசங்க புள்ளைங்க, பழைய ஷீட்டுல பூச்சிக்காக மெர்குரிக் குளோரைடுங்கற விஷ மருந்து தடவியிருக்கும்னு சொன்ன உடனே கிளவுஸ் பெட்டி பெட்டியா கொடுத்தனுப்புன மெடிக்கல் ஷாப் அக்கா, உடனே காய வைக்க முடியாத கட்டெல்லாம் பூசணம் புடிக்காம ஃப்ரீசர்ல வச்சுக்க எடம் கொடுத்த ஐஸ்கிரீம் கடைத் தம்பி, ராத்திரியே கரண்டு இழுத்துக் கொடுத்த லைன்மேன், டீ கொடுத்துட்டு கணக்கே எழுதாத கடைக்காரர், ஓய்வு பெற்ற பிறகும் பஸ் ஏறி வந்து ஒரு வாரம் தரையில உக்காந்து வேல பாத்த எங்க பழைய லேப் அட்டெண்டர், உங்க எல்லாருக்கும் என் கும்பிடு. யாரையாவது விட்டிருந்தா என்ன மன்னிச்சுக்கோங்க.

ஒண்ணு முடிவு பண்ணிட்டேன். ஒரு செடியோட பேர சரிபாத்தவங்க தங்க பேரையும் தேதியையும் எழுதி ஷீட்டுல ஒரு சின்னச் சீட்டு ஒட்டுவாங்க. இனிமே எங்க ஹெர்பேரியத்துல செடிய எடுத்தவர் மட்டும் இல்ல, காய வச்சவர், தச்சவர், இந்தத் தடவ காப்பாத்துனவங்க, எல்லார் பேரும் அந்த மாதிரி சீட்டுல வரும். நான் இருக்கற வரைக்கும் இத விட மாட்டேன்.

நேத்து கடைசித் தாள அள்ள வந்தப்ப அண்ணாச்சி மொத மொதலா ஒண்ணு கேட்டார், "எங்க ஊர்ப் பக்கம் எடுத்தது எதாச்சும் இருக்கா சார்?" தேடிப் பாத்தேன். நனைஞ்ச கட்டுலயே இருந்துச்சு, திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டுல எடுத்த ஒடமரக் கெளை, வளைஞ்ச காயோட. லேபிள்ல அறிவியல் பேர் அக்கேசியா பிளானிஃப்ரான்ஸ், வைட்டும் ஆர்னாட்டும் சேர்ந்து வச்ச பேர், இப்ப அத வாச்செல்லியாங்கற பேரினத்துல சேத்துட்டாங்க. நான் சொல்ல வாயெடுக்கறதுக்குள்ள அவர் "ஒடங்காய்லா இது"ன்னுட்டார். "எங்க ஐயா இதத்தான் தொரட்டியால உலுக்கி ஆட்டுக்குப் போடுவாக." தொடலாமான்னு கேட்டார். கிளவுஸ் போட்டு விட்டேன், ரொம்ப நேரம் காய்மேல வெரல வச்சுக்கிட்டே நின்னார். அந்தச் சீட்டுக்கு மட்டும் பேர் போட்டுக்கச் சம்மதிச்சார்.

முதல் சீட்ட அந்த ஷீட்டுலயே நேத்து ஒட்டிட்டேன். பென்சில்லதான் எழுதியிருக்கேன்.