நிழலுக்கு ஏன் பூட்டு?

பூங்காப் பராமரிப்பைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் வட்டாரத்துப் பழைய தோட்டத்தின் வாசலில் நேரப் பலகையை மாட்டியதே நீங்கள்தான். காலை 10 முதல் மாலை 4 வரை பூட்டு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்திலும் தோட்டம் திறந்திருக்க வேண்டும், அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

போன ஞாயிறு மாமியாரைக் கூட்டிப்போனேன். பங்குனிக் கடைசி. புங்கை பூத்து உதிர்ந்து நடைபாதையே வெளிர் ஊதாவாகக் கிடந்தது. நாகலிங்க மரத்தில் அடிமரம் பூராவும் பூ. முழங்கால் வலி இருப்பதால் அத்தை மெதுவாகத்தான் நடப்பார். குளத்தைச் சுற்றி வருவதற்குள் பத்தாகப் போகிறது. அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார், விசில். "அம்மா, எழுந்திரிங்க, பூட்டணும்." அஞ்சு நிமிஷம் கேட்டேன். "சார் திட்டுவாரும்மா" என்றார் காவலர். பாவம், அவர் என்ன செய்வார்? அந்தச் சாருக்குத்தான் எழுதுகிறேன்.

கேட்டுக்கு உள்ளே அத்தனை நிழல், வெளியே தார் ரோடு. ஆட்டோ வரும்வரை அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பராமரிப்பு வேலை என்பீர்கள். சரி, வாரத்தில் ஒரு நாள் மதியம் மூடிக்கொள்ளுங்கள். ஜோடிகள் வந்து உட்காருவார்கள் என்றும் ஒரு காரணம் காதில் விழுகிறது. உட்காரட்டுமே! இந்த ஊரில் காசு கொடுக்காமல் உட்கார வேறு இடம் எங்கே இருக்கிறது? சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள் மதியம் மேம்பாலத்துக்கு அடியில் வண்டி மேலேயே படுத்துக் கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

1859-ல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெலியன், நகரத்து ஜனங்கள் காற்று வாங்கட்டும் என்றுதான் பீப்பிள்ஸ் பார்க் என்ற பெரிய பூங்காவுக்கு வழி செய்தார். 116 ஏக்கர் என்பார்கள். அப்புறம் மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் என்று ஒவ்வொன்றாக அந்த மண்ணில் வந்து உட்கார்ந்துகொள்ள, மிச்சம் மை லேடீஸ் பூங்கா மாதிரித் துண்டுகள்தான். இப்படி ஊர் முழுக்க மிஞ்சிய கொஞ்சம் பச்சையையும் பகலில் பூட்டி வைக்கிறோம். மரங்கள் எழுந்து ஓடிவிடும் என்ற பயமோ என்னவோ! செல்ஃபி எடுக்க வைத்த கலர் விளக்குப் பலகை மட்டும் பூட்டிய பிறகும் எரிகிறது. அதைப் பார்க்க உள்ளே யார் இருக்கிறார்கள்?

பேச்சு எங்கோ போகிறது. கேட்க வந்தது ஒன்றுதான்: பகலில் கேட்டைத் திறந்து வையுங்கள். சித்திரை பிறக்கப்போகிறது, பின்னாலேயே அக்னி நட்சத்திரம். அதற்குள் உத்தரவு வந்தால் நல்லது. முழுத் தோட்டமும் முடியாது என்றால், குளத்துப் பக்கம் பெஞ்சுகள் இருக்கும் பகுதியையாவது முதலில் திறந்துவிடுங்கள். மதியத்துக்கு இன்னொரு காவலர் வேண்டியிருக்கும். அவருக்கு உட்கார ஒரு நாற்காலியும் சேர்த்துப் போடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
10 மணிக்கு வெளியே அனுப்பப்பட்டவர்களில் ஒருத்தி