38 நாள் என்னோடு காத்திருந்தவர்களுக்கு

முக்கூடலில் எங்கள் தெருக்காரர்களுக்கும், பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டருக்கும் நர்ஸம்மாக்களுக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் என் கிட்னிக் கல் மூத்திரத்தோடு விழுந்துவிட்டது. மூத்திரத்தை வடிக்க வைத்திருந்த தேயிலை வடிகட்டியில் மிளகு அளவில் ஒன்று கிடந்தது, நெருஞ்சி முள்போலச் சொரசொரவென்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். வலி வந்த ராத்திரியிலிருந்து அன்றைக்கு 38 நாள்.

அந்த ராத்திரி இடது விலாவுக்குக் கீழே பிடித்த வலி அடிவயிற்றுக்கு இறங்கித் தொடை வரைக்கும் இழுத்தது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, ஒரே வாந்தி. எதிர்வீட்டு மதினி பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு உடுத்திய சேலையோடு ஆட்டோவில் ஏறினார்கள். ஆட்டோ அண்ணாச்சி பத்தமடை தாண்டுகிற வரைக்கும், "இன்னா வந்துட்டும்மா, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். வேகத்தடை வரும் இடத்திலெல்லாம் வண்டியை உருட்டி உருட்டி ஏற்றி இறக்கினார். டீசல் காசுக்கு மேல் வாங்கவில்லை.

ஊசி போட்டு வலி அடங்கியதும் டாக்டர் ஓ.பி. சீட்டின் பின்புறம் படம் போட்டுக் காட்டினார். சிறுநீர்க்குழாய் மூன்று இடத்தில் குறுகும், என் கல் இரண்டைத் தாண்டிவிட்டது, மூத்திரப்பைக்குள் போகிற வாசலில் நிற்கிறது என்றார். 6 மில்லிமீட்டர். 5-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் தானாகவே வந்துவிடுமாம், இதற்கும் நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். குழாயைத் தளர்த்த ராத்திரிக்கு ஒரு மாத்திரை. அதைப் போட்டால் தலை சுற்றும், படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திரு என்றார். காய்ச்சலோ குளிர் நடுக்கமோ வந்தாலும், மூத்திரம் நின்றுபோனாலும் எந்த நேரமானாலும் ஓடி வந்துவிட வேண்டும், தங்கிய மூத்திரத்தில் கிருமி சேர்ந்தால் கிட்னிக்கே ஆபத்து என்று மதினியிடமும் தனியாகச் சொல்லி அனுப்பினார். படிக்காதவள்தானே என்று நினைக்காமல் அவ்வளவு நேரம் செலவழித்த அந்தப் பொறுமைக்கு என் நன்றி.

இரண்டாவது வாரம் வலியே இல்லை. கல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வடிகட்டியில் விழாமல் நம்பாதே, ஸ்கேனுக்கு வா என்று கண்டிப்பாகச் சொன்ன நர்ஸம்மாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. போய்ப் பார்த்தால் கல் அதே வாசலில்தான் நின்றது. வலி இல்லாத நாளிலும் கல் அடைத்துக்கொண்டு கிட்னியைக் கெடுக்கலாம் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம்தான் மனசு சோர்ந்தது. வலி வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. இன்னுமா விழவில்லை என்று ஊரே கேட்கிறது. பீடி சுற்றுகிற சுளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்து உட்கார முடியவில்லை. பீடி சுற்றாவிட்டால் வாரக்கூலி கிடையாது. அப்போது என்னோடு சுற்றுகிற நான்கு அக்காமாரும் என் வீட்டு இலையையும் தூளையும் பங்கு போட்டுக்கொண்டு போனார்கள். அவரவர் கணக்கை முடித்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து எனக்காகச் சுற்றினார்கள். சனிக்கிழமை கூலியைக் கொண்டுவந்து என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். அக்கா, அந்தக் கடன் பணக்கடன் இல்லை. இலை இலையாக நான் சுற்றித் தருவேன்.

பக்கத்து வீட்டு ஆச்சி தினமும் வாழைத்தண்டு கொண்டுவந்தார்கள். சாப்பிடு, ஆனால் மாத்திரையை விடாதே என்றார் டாக்டர், இரண்டையும் செய்தேன். ஒரு நாள் வைகறையில் வலி தாங்காமல் சுவரில் முட்டியபோது, விடிகிற வரைக்கும் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது அதே ஆச்சிதான். எண்பது வயதில் அவர்களுக்கு ஏது தூக்கம், ஏது பலம்? எப்படி உட்கார்ந்தார்களோ.

கல்லைப் பரிசோதித்ததில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்திருக்கிறது. பாலை நிறுத்த வேண்டாம், உப்பைக் குறை, ஊறுகாயும் கருவாடும் எப்போதாவது போதும், மூத்திரம் மஞ்சளாக இல்லாமல் தெளிவாகப் போகிற அளவுக்குத் தண்ணீர் குடி என்றார்கள். வேலை கெடும் என்று காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் வரை நாங்கள் யாருமே தண்ணீர் குடிப்பதில்லை, கொல்லைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டே இருப்போம். இப்போது திண்ணையில் ஐந்து சுளவுக்கும் பக்கத்தில் ஐந்து பாட்டில் இருக்கிறது. ஒருத்தி குடிக்கும்போது மற்றவர்களையும் குடிக்கச் சொல்கிறாள்.

மதினி, அன்று ஆஸ்பத்திரியில் எனக்குப் போர்த்திய உங்கள் துண்டு துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
முக்கூடலிலிருந்து ஒரு பீடித் தொழிலாளி