கடல் மக்கள் மேல் மட்டும் பழி ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெண்கலக் காலப் பேரரசுகளின் வீழ்ச்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் ‘கடல் மக்கள்’ எனப்படும், கடல்வழி வந்த கொள்ளைக் கூட்டம்தான் இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் பேரரசையும் சிரியாக் கரையில் இருந்த உகரித் நகரத்தையும் அழித்தது என்று ஒரே போடாகப் போட்டிருப்பதை ஏற்க முடியவில்லை.

கட்டுரையின் வாதத்துக்கு முக்கிய சாட்சி எகிப்தின் மெதினெத் ஹபு கோயில் சுவர். கி.மு. 1177 வாக்கில் நடந்த போரைப் பற்றி அந்நாட்டு மன்னர் மூன்றாம் ராம்சேஸ் வெட்டிவைத்தது. எந்த நாடும் இவர்கள் முன் நிற்கவில்லை, நான்தான் முறியடித்தேன் என்கிறார். மெய்க்கீர்த்தி படித்த நமக்கு இந்தத் தொனி புதிதா என்ன? அழிந்துபோனதாக அவர் பட்டியலிட்ட கார்க்கெமிஷ் நகரில் ஹிட்டைட் அரச குடும்பத்தின் ஒரு கிளை அப்புறமும் ஆண்டுகொண்டுதான் இருந்தது.

அதே சுவரில் நிலப்போர்க் காட்சியும் உண்டு. அதில் மாட்டு வண்டிகள், வண்டிகளில் பெண்களும் குழந்தைகளும். கொள்ளையடித்துவிட்டு ஓடுகிறவன் குடும்பத்தோடா வருவான்? நீங்கள் வெளியிட்டதோ கடற்போர்ப் படம் மட்டும்.

கட்டுரையில் பஞ்சத்துக்கு ஒரே ஒரு வரி! மூன்றாம் ராம்சேஸுக்கு முன்பே, ஹிட்டைட் நாட்டின் உயிரைக் காக்கக் கப்பலில் தானியம் அனுப்பியதாக எகிப்து மன்னர் மெர்னெப்தா கல்வெட்டில் சொல்கிறார். உகரித்தில் கிடைத்த களிமண் கடிதம் ஒன்று, சுமார் 450 டன் தானியத்தை ஏற்றி அனுப்பச் சொல்லி, இது வாழ்வா சாவா என்கிற விஷயம் என்கிறது. துருக்கியின் கோர்டியோனில் கிடைத்த பழைய மரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவு, கி.மு. 1198 முதல் 1196 வரை கடும் வறட்சி என்கிறது. ஹிட்டைட் தலைநகர் ஹத்துசாவில் தீப்பிடிக்கும் முன்பே முக்கியக் கட்டடங்கள் காலி செய்யப்பட்டிருந்தன.

சரி, தாக்குதலே நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. உகரித் எரிந்தது, தெருக்களில் அம்பு முனைகள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அதன் அரசன் அம்முராப்பி அலாஷியா (இன்றைய சைப்ரஸ்) மன்னனுக்கு எழுதியதைப் பாருங்கள். வந்தவை ஏழு கப்பல்கள். அவனது படையோ ஹிட்டைட் நாட்டில், கப்பல்கள் இன்றைய துருக்கியின் தென்மேற்கே லுக்கா கரையில். பேரரசுக்குச் சேவகம் செய்யப் போன படை சொந்த ஊரைக் காக்க இல்லாமல் போனதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வந்தவர்கள் கடைசியில் என்ன ஆனார்கள் என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. அவர்களில் பெலெசெத் என்பவர்கள்தான் விவிலியத்தின் பெலிஸ்தர் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பெலிஸ்தர் வாழ்ந்த, இன்றைய இஸ்ரேலில் உள்ள அஸ்கலோனில் வீடுகளுக்கடியில் புதைக்கப்பட்ட குழந்தைகளின் மரபணுவில் தென் ஐரோப்பியக் கலப்பு இருந்ததை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓரிரு நூற்றாண்டுகளிலேயே உள்ளூர் மக்களோடு கலந்து அந்தத் தடயம் மங்கிவிட்டது. தொடரின் அடுத்த பகுதியில் இதையும் எழுதச் சொல்லுங்கள். அந்த மாட்டு வண்டிப் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தஞ்சாவூர்