டர்பன் ஆலை முதலாளிகளுக்கு: காய்ச்சல் நாளுக்கும் கூலி கொடுங்கள்

மதிப்பிற்குரிய முதலாளிகளே,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து எழுதுகிறேன். ஜேக்கப்ஸ், மொபேனி பக்கம் லேபர் புரோக்கர், அதாவது ஆள் அனுப்பும் இடைத்தரகர், மூலம் ஆள் எடுத்து ஆலை நடத்தும் எல்லாருக்குமான மடல் இது.

2020 ஜூலையில் கொரோனா முதல் அலை உச்சத்தில் இருந்தபோது, எங்கள் தெரு அக்கா ஒருவர் தையல் ஆலைக்குப் போய்வந்தார். நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்பது முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில்தான் தெரியும். ஒரு நாள் காலையில் உடம்பு கொதித்திருக்கிறது. இரண்டு பனடோ காய்ச்சல் மாத்திரை விழுங்கி, காய்ச்சல் இறங்கும்வரை காத்திருந்து, பலர் சேர்ந்து போகும் டாக்ஸி வேனில் ஏறிப் போனதாகப் பிறகு அவரே சொன்னார். வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய கருவி ஒன்றும் காட்டவில்லை. உள்ளே விட்டுவிட்டார்கள். டாக்ஸியில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு எத்தனை பேர்! வீட்டில் சர்க்கரை நோயோடு மாமியார் வேறு.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. போகாத நாளுக்குக் கூலி கிடையாது. அதையாவது தாங்கிக்கொள்ளலாம், இரண்டு நாள் நின்றுவிட்டால் அடுத்த வாரம் அந்த வாட்ஸ்அப் செய்தியே வராது. சானிடைசர், முகக்கவசம், தரையில் மஞ்சள் கோடு எல்லாம் வைத்தீர்கள், வேண்டியவைதான். காய்ச்சலை மறைத்தால்தான் அடுப்பு எரியும் என்றிருக்கும்போது அவற்றால் எவ்வளவு தடுக்க முடியும்?

‘சட்டப்படிதான் நடக்கிறோம்’ என்பீர்கள். சரி, சட்டத்தையே பார்ப்போம். மாதம் 24 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறவருக்கு, முதல் ஆறு மாதத்தில் 26 நாள் உழைப்புக்கு ஒரு நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. காஷுவல், அதாவது தற்காலிக ஆள், என்று பெயர் வைத்தால் அது போய்விடாது. இடையில் வேலையை நிறுத்தி மறுபடி எடுத்தாலும், இடைவெளி ஓராண்டுக்குள் என்றால் பழைய வேலைக்காலமும் கணக்கில் சேரவேண்டும். குறைந்த சம்பளத்துக்குப் புரோக்கர் அனுப்பிய ஆள், வேறொருவருக்குப் பதிலாக வந்தவராக இல்லாமல், மூன்று மாதத்துக்கு மேல் உங்களிடம் இருந்தால், தொழிலுறவுச் சட்டத்தின்படி அவருக்கு முதலாளி நீங்கள்தான். 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இரண்டு நாளுக்கு மேல் நின்றால் டாக்டர் சீட்டு கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. தனியார் டாக்டருக்குக் கொடுக்கக் காசில்லை, ஆர்.கே.கான் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய பொழுது அங்கேயே போய்விடும். அப்புறம் அரசு உதவி. லாக்டவுன் கால யு.ஐ.எஃப். (வேலையின்மைக் காப்பீட்டு நிதி) பணத்துக்கு முதலாளிதான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பதிவில் பெயரே இல்லாதவர்கள் அலையாய் அலைந்தார்கள். அப்போது அரசு கொடுத்த 350 ராண்ட் நிவாரணமோ வேலையே இல்லாதவர்களுக்கு.

கொரோனாதான் போய்விட்டதே என்று தள்ளிவிடாதீர்கள். காசநோய் இந்த நாட்டை விட்டுப் போகவில்லை. இருமலை அடக்கிக்கொண்டு மெஷின் முன்னால் உட்காருவதும் இதே பயத்தில்தான்.

புரோக்கரோடு அடுத்த ஒப்பந்தம் போடும்போது இரண்டு வரி சேருங்கள்: உடம்பு முடியாத நாளுக்கு, சேர்ந்த முதல் நாளிலிருந்தே கூலி உண்டு, அதற்காக யார் பெயரையும் பட்டியலிலிருந்து எடுக்கக் கூடாது. ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் எழுதி, உங்கள் கையெழுத்தோடு ஆலை வாசலில் ஒட்டுங்கள்.

அன்புடன்,
சாட்ஸ்வர்த் வாசி ஒருவர்