இதயப் பாடத்தைக் கையிலிருந்து தொடங்கு

அண்ணா நகர், மதுரை
ஞாயிறு மாலை

அன்புள்ள ஜெயராணி,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. வார்டை விட்டு வகுப்பறைக்குப் போன பிறகும், கேஸ் ஷீட்டில் அவசரமாகக் குறிப்பு எழுதுகிற அதே கையெழுத்துதான் உனக்கு. நாகர்கோவில் பக்கத்து மழை உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே வெயில் இன்னும் இறங்கின பாடில்லை. என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றதிலிருந்து விடிகாலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட் வரை நடந்துபோய், யாரும் கேட்காத மல்லிகை விலையை வந்து எனக்குச் சொல்கிறார். மருமகள் முழுகாமல் இருக்கிறாள். ஐப்பசியில் வளைகாப்பு. பத்திரிகை வரும்வரை காத்திருக்காமல் இப்போதே லீவு சொல்லி வை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். முதலாண்டுப் பிள்ளைகள் இதயத்தைப் படமாக வரைகிறார்கள், கேள்வி கேட்டால் முழிக்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். இங்கேயும் அதே கதைதான். உசிலம்பட்டி, பேரையூர், வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள். நான்கு அறை, நான்கு வால்வு, வலப்பக்கம் நீலம், இடப்பக்கம் சிவப்பு என்று கலர் பென்சிலைத் தேய்த்து வைத்திருப்பார்கள். இடது கீழறையின் சுவர் ஏன் வலது கீழறையைவிட மூன்று மடங்கு தடிமன் என்று கேட்டால் வகுப்பே வாயை மூடிக்கொள்ளும். அந்த நீலக் கலரை யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. உடம்புக்குள் நிஜமாகவே நீல ரத்தம் ஓடுவதாக நம்புகிற பிள்ளைகள் வருடா வருடம் வருகிறார்கள்.

என் யோசனையைச் சொல்கிறேன். இதயத்தில் தொடங்காதே, அதைக் கடைசிக்கு வை. ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தால் ஒழிய, நர்ஸ் ஒருத்தி பணிக்காலம் முழுக்க இதயத்தைக் கண்ணால் பார்ப்பதில்லை. அவள் கை படுவதெல்லாம் குழாய்களில். நாடி பார்ப்பது இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுபோகிற தமனியில், மருந்து ஏற்றக் கேனுலா என்ற ஊசிக்குழலைப் போடுவது ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவருகிற சிரையில், நகத்தை அழுத்தி நிறம் திரும்புகிற நேரத்தைப் பார்ப்பது இரண்டையும் இணைக்கிற மெல்லிய தந்துகியில். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கிறோமே, அதுவும் தந்துகியிலிருந்து வெளியே கசிந்த நீரைத்தான். தினமும் தொடப்போகிறதை முதலில் கற்றுக்கொள்ளட்டும்.

முதல் வகுப்பில் கரும்பலகைப் பக்கமே போகாதே. பிள்ளைகளை ஜோடியாக உட்கார வைத்து, ஒருத்தியின் மேற்கையில் டூர்னிக்கெட் பட்டையை இறுக்கிக் கட்டச் சொல். முன்கையில் சிரை புடைத்து எழும்பும். நடுநடுவே சின்ன முடிச்சுகள் தெரியும். சிரையை மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக, அடுத்த முடிச்சு தாண்டும்வரை வழித்துவிட வேண்டும். மேல்விரலை எடுத்தாலும் அந்த இடைப்பகுதி தட்டையாகவே கிடக்கும். மேலே நிற்கிற ரத்தம் முடிச்சைத் தாண்டிக் கீழே இறங்காது. கீழ்விரலை எடுத்த மறுகணம் கீழிருந்து நிரம்பிவிடும். முடிச்சு தெரிகிற இடத்தில்தான் வால்வு இருக்கிறது. இதைச் செய்து பார்த்த பிள்ளை, கேனுலாவை ஏன் இதயத்தை நோக்கிப் போடுகிறோம் என்று பிறகு கேட்கவே மாட்டாள். முடிச்சுக்கு நேராக ஊசியைக் குத்தவும் மாட்டாள்.

இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில் படம் போட்டு விளக்கிய சோதனை இது. சிரைகளில் வால்வு இருப்பதை அவருடைய ஆசிரியர் ஃபாப்ரிசியஸ் முன்பே விவரித்திருந்தார். ஆனால் ரத்தம் கை கால்களில் போய்த் தேங்காமல் அவை தடுக்கின்றன என்ற அளவில் நின்றுவிட்டார். ஹார்விதான் திசையைப் பார்த்தார். அதோடு ஒரு பெருக்கல் கணக்கும் போட்டார். அதை இன்றைய எண்களை வைத்துப் பிள்ளைகளையே போடச் சொல்: ஒரு துடிப்புக்கு 70 மில்லி, நிமிடத்துக்கு 70 துடிப்பு, ஆக 4,900 மில்லி. உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 300 லிட்டர் வருகிறது. சாப்பாட்டிலிருந்து கல்லீரல் ரத்தத்தை உண்டாக்குகிறது, உடம்பு அதைச் செலவழித்துவிடுகிறது என்றுதான் அதுவரை நம்பினார்கள். எந்தச் சாப்பாடு 300 லிட்டருக்குக் காணும்? அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வந்தாக வேண்டும். தமனியிலிருந்து சிரைக்குப் போகிற வழியை மட்டும் ஹார்வி பார்க்காமலேயே 1657இல் போய்ச் சேர்ந்தார். 1661இல் இத்தாலிய மருத்துவர் மால்பிகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துத் தந்துகிகளைக் கண்டார்.

தந்துகியில் அதிக நேரம் நிற்க வேண்டாம். சிவப்பணு 7, 8 மைக்ரான். சில தந்துகிகள் அதைவிடக் குறுகல், அணு வளைந்து நெளிந்துதான் நுழைய வேண்டும். அங்கே ரத்தம் வினாடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. ஆக்சிஜனைக் கொடுத்துக் கழிவை வாங்க அந்த நிதானம் வேண்டும். இவ்வளவு போதும்.

நின்று நிதானமாக நடத்த வேண்டியது அதற்கு முந்தைய இடம், நுண்தமனி. பாடப்புத்தகம் அதை நான்கு வரியில் முடித்துவிடுகிறது. எனக்கு அதில் கோபமே உண்டு. நீ மேலூர்க்காரி, உனக்குச் சொல்லவே வேண்டாம். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வந்தால் மட்டும் போதுமா? எந்த மடை திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்பதை வைத்துத்தானே எந்த வயலுக்கு எவ்வளவு பாயும் என்பது? உன் அப்பா கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ராத்திரியோடு ராத்திரியாக மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதை நீதான் விடுதியில் கதை கதையாகச் சொன்னாய். நுண்தமனியின் சுவரில் இருக்கிற தசை அந்த மடைதான். குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் ரத்த ஓட்டத்துக்கு எதிர்ப்பு 16 மடங்கு ஏறும். கொஞ்சம் சுருங்கினாலே பெரிய மாற்றம்.

விபத்தில் ரத்தம் கொட்டியவருக்கு உடம்பு தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற மடைகளை அடைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் தண்ணீரைத் திருப்புகிறது. அதனால்தான் கை சில்லிட்டுப் போகிறது, கட்டிலோரம் தொங்குகிற மூத்திரப் பையில் சொட்டு குறைகிறது. பி.பி. இன்னும் சரியாகத்தானே இருக்கிறது என்று சும்மா இருக்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடு: பி.பி. இறங்குவதற்கு முன்பே கையும் பையும் செய்தி சொல்லிவிடும். கிருமித் தொற்று முற்றி வருகிற செப்டிக் ஷாக்கில் இதற்கு நேர்மாறு. எல்லா மடையும் ஒரே நேரத்தில் திறந்துகொள்ள, கால்வாயின் மட்டம் விழுந்துவிடும். தொடக்கத்தில் தோல் வெதுவெதுப்பாக இருக்கும், அழுத்தம் இருக்காது. சலைன் மட்டும் ஏற்றிப் பலன் கிடைக்காதபோது குழாய்களைச் சுருக்குகிற நார்அட்ரினலினை ஏன் தொடங்குகிறார்கள் என்பது அப்போது தானே விளங்கிவிடும்.

பிறகு பி.பி. பார்க்கிற வகுப்பு. முழங்கை மடிப்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்ததும் இதயத் துடிப்புதான் காதில் கேட்கிறது என்று பாதி வகுப்பு நினைத்துக்கொண்டிருக்கும். மேற்கையில் சுற்றுகிற காற்றுப் பட்டையான கஃப்பைக் கட்டாமல் வைத்துக் கேட்கச் சொல். ஒன்றும் கேட்காது. தடையில்லாமல் ஓடுகிற ரத்தம் சத்தம் போடுவதில்லை. பாதி நசுங்கிய தமனியில் தாறுமாறாகப் பாயும்போதுதான் அந்தச் சத்தம் பிறக்கிறது. ரிவா ரோச்சி 1896இல் கஃப்பைக் கொண்டுவந்தார். அதன் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்கலாம் என்று 1905இல் சொன்னவர் கொரோட்காஃப் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர். சென்ற மாதம் திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு முகாம் போயிருந்தோம். ஒரு தாத்தாவுக்கு, சட்டைக் கையின் மேலேயே கஃப்பைச் சுற்றி, கையைத் தொங்கப்போட்டு, பேரன் படிப்பை விசாரித்துக்கொண்டே பார்த்தாள் ஒரு பிள்ளை. 160க்கு மேல் வந்தது. தாத்தா பயந்துபோனார். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசையில் வைத்துப் பார்த்தால் நன்றாக இறங்கியிருந்தது. கை 10 சென்டிமீட்டர் தாழ்ந்தாலே 7, 8 மில்லிமீட்டர் கூட்டிக் காட்டும். கஃப் சின்னதாக இருந்தாலும் கூட்டித்தான் காட்டும்.

சிரைகளுக்குத் திரும்ப ஒருமுறை வந்தாக வேண்டும். உடம்பின் ரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது. காலிலிருந்து மேலே ஏற்றுவது கெண்டைக்கால் தசை. நடந்தால்தான் அது வேலை செய்யும். நாள் முழுக்க கல்லின் முன்னால் அசையாமல் நிற்கிற பரோட்டா மாஸ்டர்களுக்கு நரம்புச் சுருட்டல் வருவது இதனால்தான். சித்திரைத் திருவிழாவில், அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக் கரையில் எத்தனை பேர் மயங்கி விழுகிறார்கள், பார்த்திருப்பாய். வெயிலில் தோலின் குழாய்கள் விரிந்திருக்கும், அசைய இடமில்லாமல் மணிக்கணக்கில் நின்றதில் ரத்தம் காலில் இறங்கியிருக்கும், மூளைக்குப் போவது குறையும். சுற்றி நிற்கிறவர்கள் பதறிப்போய் அக்குளில் கைகொடுத்து நிமிர்த்தி நிற்க வைப்பார்கள். செய்யக்கூடாத காரியம் அது ஒன்றுதான். படுக்கப்போட்டுக் காலைத் தூக்கிப் பிடித்தாலே பெரும்பாலும் கண்ணைத் திறந்துவிடுவார்கள். பிரசவமான பெண்ணை முதல்முறை கழிவறைக்குக் கூட்டிப்போகும்முன் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கிறோமே, காரணம் இதேதான். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 இறங்கினால் தனியாக நடக்க விடக்கூடாது.

இவ்வளவும் முடிந்த பிறகு இதயம். படம் வேண்டாம், கறிக்கடைக்கு முதல்நாளே சொல்லிவைத்து ஆட்டு இதயம் வாங்கு. நடுவில் கீறாமல், மேலே குழாய்களை நீளமாக விட்டு அறுத்துத் தரச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வறுவலுக்குப் போடுகிற மாதிரி நறுக்கிக் கொடுத்துவிடுவார். இடது கீழறையிலிருந்து கிளம்புகிற பெருந்தமனியைக் குழாய்த் தண்ணீருக்கு நேராகப் பிடித்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கும். பிடிக்கிறது வால்வு; அதன் மூன்று இதழும் பைபோல உப்பிச் சேர்ந்துகொள்வதை மேலிருந்தே பார்க்கலாம். இதயத்தின் இரண்டாவது ஒலி என்று படிக்கிறோமே, அது இந்த வால்வும் நுரையீரல் தமனி வால்வும் மூடுவதால் வருவது. பிறகு குறுக்கே வெட்டிக் காட்டு. நுரையீரலுக்கு அனுப்ப 25 மில்லிமீட்டர் அழுத்தம் போதும் என்பதால் வலது சுவர் மெல்லிசு. உடம்பு முழுக்க அனுப்ப 120 வேண்டும் என்பதால் இடது சுவர் தடிமன். நான் முதலில் சொன்ன கேள்விக்குப் பதிலை இனி அவர்களே சொல்வார்கள். நுரையீரல் தமனியில் அசுத்த ரத்தம் ஓடுகிறதே என்ற பழைய பரீட்சைக் கேள்வியும் குழப்பாது. இதயத்தை விட்டு வெளியே போனால் தமனி, அவ்வளவுதான்.

பெருந்தமனி வால்வின் இதழ்களுக்கு மேலே இரண்டு சின்னத் துளை இருக்கும். ஊக்கின் தலையைச் செலுத்திக் காட்டு. இதயச் சுவருக்கே ரத்தம் கொடுக்கிற கொரோனரி தமனிகளின் வாய் அது. இடது கீழறை சுருங்கும்போது தன் குழாய்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. அதனால் அந்தச் சுவருக்கு ரத்தம் பெரும்பாலும் தளர்கிற நேரத்தில்தான் பாய்கிறது. நிமிடத்துக்கு 75 துடித்தால் ஒரு சுற்றுக்கு 0.8 வினாடி, அதில் சுமார் 0.5 தளர்வு. 150 துடித்தால் மொத்தமே 0.4 வினாடிதான், தளர்வுதான் அதிகம் அடிபடும். நெஞ்சுவலிக்காரருக்கு நாடி ஏறினால் ஏன் பதற வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. மின்னோட்டப் பாதையை இதோடு சேர்க்காதே, ஈ.சி.ஜி.யோடு தனி வகுப்பாக வை.

கையுறையை மட்டும் மறந்துவிடாதே. ஆட்டு இதயத்தைத் தொட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற சைவக்காரப் பிள்ளைகளைக் கட்டாயப்படுத்தாமல் குறிப்பெடுக்க விடு. தண்ணீர் ஊற்றுகிற கட்டம் வந்தால் அவர்கள்தான் முதலில் எட்டிப் பார்ப்பார்கள்.

வளைகாப்புக்கு வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வா. ரயில் டிக்கெட் எடுத்ததும் எந்த வண்டி என்று எழுது, இவரை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பாக்கியம்