யிவூவிலிருந்து தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமா? அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததா என்று நீ எழுதவே இல்லை. அடுத்த தடவை மறக்காமல் எழுது.

இங்கே குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. பெய்ஜிங் பக்கமெல்லாம் வீட்டுக்கு வீடு வெந்நீர்க் குழாய் ஓடி அறையைச் சூடாக வைத்திருக்கும். யாங்ட்ஸே ஆற்றுக்குத் தெற்கே அந்த ஏற்பாடு கிடையாது. ஆபீசுக்குள்ளேயே கோட்டு போட்டுக்கொண்டுதான் பில் எழுதுகிறோம். சீனப் புத்தாண்டு விடுமுறை தொடங்கிவிட்டதால் யிவூவின் மொத்த வியாபாரச் சந்தை முழுக்க மூடிக் கிடக்கிறது. எழுபத்தைந்தாயிரம் கடை என்று சொல்லும் இடத்தில் இப்போது ஒரு ஷட்டர்கூடத் திறந்திருக்கவில்லை. வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ரயில் பிடித்து ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்குத்தான் ஊர் தூரம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கதாநாயகி அப்பாவின் பிணத்தருகே உட்கார்ந்து அழும் காட்சியில், பின்னால் இருக்கும் அலமாரியில் காப்பித்தூள் பாக்கெட்டைப் பெயர் தெரியும்படி திருப்பி வைக்கச் சொன்னார்கள், அந்த வேலையை உன்னிடம்தான் கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். "இதுக்குத்தானாண்ணே சினிமாவுக்கு வந்தேன்" என்று கேட்டிருந்தாய். அதற்கு உடனே பதில் எழுதத் தெரியவில்லை. இந்த விடுமுறையில் ஒரு படம் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் உன் நினைப்புதான்.

ஆபீசில் கணக்குப் பார்க்கும் அக்கா கொடுத்த படம் அது. சீனத்தில் 'தா வான்', ஆங்கிலத்தில் 'பிக் ஷாட்ஸ் ஃப்யூனரல்'. 2001 டிசம்பரில் வந்தது. இயக்கியவர் ஃபெங் சியாவ்காங். 1997-இலிருந்து புத்தாண்டுக்குப் புத்தாண்டு ஒரு சிரிப்புப் படம் என்று வழக்கம் ஏற்படுத்தியவர். நாயகன் கெ யோ. 1994-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கியவர். வழுக்கைத் தலை, தூங்கி வழியும் முகம். சும்மா நின்றாலே நமக்குச் சிரிப்பு வரும், அடுத்த நிமிஷம் பாவமாகவும் இருக்கும்.

கதையைச் சொல்கிறேன் கேள். ஹாலிவுட்டிலிருந்து டைலர் என்று ஒரு பெரிய இயக்குநர் பெய்ஜிங்குக்கு வருகிறார். டொனால்ட் சதர்லேண்ட் நடித்திருக்கிறார். சீனாவின் கடைசிச் சக்கரவர்த்தியின் கதையை மறுபடி எடுக்க வந்தவருக்கு, ஏற்கெனவே ஒருவர் எடுத்துவிட்ட படத்தையே தானும் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று மனசு விட்டுப்போகிறது. படப்பிடிப்பை வீடியோ எடுக்க, வேலையில்லாமல் இருந்த யோயோ என்ற கேமராமேனை வைத்திருக்கிறார்கள். அவன்தான் கெ யோ. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது, ஆனாலும் இரண்டு பேருக்கும் ஒட்டிக்கொள்கிறது. நிறைவாக வாழ்ந்து முடித்த வயசாளி போனால் நம் ஊரில் கல்யாணச் சாவு என்று வெடி போட்டு அனுப்புவோமே, அந்த வழக்கம் இங்கேயும் உண்டு. யோயோ அதைச் சொல்ல, டைலருக்குப் பிடித்துப்போகிறது. திடீரென்று மயங்கி விழுந்து நினைவில்லாமல் கிடக்கிறார். கிழவர் பிழைக்கமாட்டார் என்று டாக்டர்கள் சொல்லிவிட, அவர் ஆசைப்பட்டபடி சிரிப்பும் கும்மாளமுமாகச் சாவு எடுக்கும் பொறுப்பு யோயோ தலையில் விழுகிறது.

கையில் பணம் இல்லை. விழா நடத்திப் பழகிய நண்பன் ஒருவனைக் கூப்பிடுகிறான். அவனோ சாவையே ஏலம் விடுகிறான்! உலகம் முழுக்க டிவியில் பார்க்கப்போகிற சாவு, யாருக்கு எந்த இடம் என்று கம்பெனிக்காரர்கள் முண்டியடிக்கிறார்கள். பெட்டியில் கிடத்தப்போகும் உடம்பைக்கூட விடவில்லை. ஒரு பொம்மையைப் படுக்கவைத்து, தலையிலிருந்து கால்வரை ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக விற்கிறார்கள். வயிறு வலிக்கச் சிரித்தேன்டா. அக்கா போன வாரமே சொல்லியிருந்தார், "இதெல்லாம் கற்பனை இல்லை, நாங்கள் கண்ணால் பார்த்தது" என்று. அந்தக் காலத்தில் சீன அரசு டிவி ஒவ்வொரு நவம்பரிலும் விளம்பர நேரத்தை ஏலம் விட்டது. ஷாண்டாங் மாநிலத்தில் ச்சின்ச்சி என்ற சாராயக் கம்பெனி 1997-ஆம் வருஷத்து விளம்பரத்துக்காக 32 கோடி யுவான் ஏலம் கேட்டது. கொஞ்ச நாளில் கம்பெனியே படுத்துவிட்டது. அந்த வெறியைத்தான் படம் சாவு வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

இன்னொன்று. சோஹு என்ற இணையக் கம்பெனியின் சீனப் பெயரில் நரி என்ற சொல் வரும். படத்தில் கேலிக்காக அதை நாயாக மாற்றி சோகோ என்று வைத்தார்கள். 2004-இல் அந்தக் கம்பெனியே சோகோ என்ற பெயரில் தேடுபொறி ஆரம்பித்தது.

கிழவர் பிழைத்துவிடுகிறார். விற்ற சாவை நடத்த முடியாமல் யோயோ மனநல விடுதியில் போய் ஒளிந்துகொள்கிறான். அங்கே ஒரு வீட்டுமனைக்காரன், கட்டினால் நல்ல வீடு வேண்டாம், விலை கூடின வீடுதான் வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசுவான். இருபது வருஷம் கழித்தும் இங்கே அந்த வசனத்தை மனப்பாடமாகச் சொல்கிறார்கள். யிவூவில் புதுக் கட்டடங்களின் விலையைக் கேட்ட எனக்கு அது பைத்தியக்காரன் பேச்சாகப் படவில்லை.

படத்தில் குறை இல்லாமல் இல்லை. டைலரின் உதவியாளராக வரும் ரோசமண்ட் குவானுக்கும் யோயோவுக்கும் காதல் என்று ஒரு இழை போகிறது, அது ஒட்டவில்லை. ஆங்கில வசனங்கள் இழுக்கின்றன. கடைசித் திருப்பத்தைச் சொல்லமாட்டேன், நீயே பார்.

உனக்கு நான் சொல்ல வந்தது வேறு. இந்தப் படத்துக்குப் பணம் போட்டது இங்கத்திய ஹுவாயி பிரதர்ஸும் ஹாலிவுட் கொலம்பியாவும். சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த அதே மாசம் வெளியான படம் இது. ஹாலிவுட்காரன் காசை வாங்கி ஹாலிவுட்டையும் தன் ஊர் வியாபாரத்தையும் ஒருசேர நையாண்டி பண்ணியிருக்கிறார் ஃபெங். அதே ஆள் 2003-இல் 'செல்போன்' என்று படம் எடுத்தபோது மோட்டோரோலா போன்தான் படம் பூராவும். இங்கே பலர் அதை வைத்து அவரைத் திட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சந்தைக்குள் நின்று பேரம் பேசிப் பழகியவனுக்குத்தான் எங்கே கூச்சம் தொலைந்துபோகிறது என்று சரியாகத் தெரியும். தவிர, அத்தனை விளம்பரக் கூத்துக்கு நடுவிலும் கிழவரை நினைத்து யோயோ வருந்துவது மட்டும் பொய்யில்லை. படம் அந்த ஒன்றை விற்கவில்லை. அதனால்தான் நம்மால் சிரிக்க முடிகிறது. நீ பாக்கெட்டைத் திருப்பி வைத்ததில் தப்பில்லை. அந்தப் பெண்ணின் அழுகை நிஜமாக வந்ததா? கேமரா அவள் முகத்தில் இருந்ததா, பாக்கெட்டில் இருந்ததா? அதை எழுது.

இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போல போனால் ஹெங்தியன், சினிமா செட்டுகள் நிறைந்த படப்பிடிப்பு ஊர். 1996-இல் 'அபினிப் போர்' என்ற படத்துக்காகப் பழைய குவாங்சோ தெருவைக் கட்டத் தொடங்கி, இப்போது பெய்ஜிங் அரண்மனையையே அச்சு அசலாகக் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். இடத்துக்கு வாடகை வாங்குவதில்லை. ஓட்டல், சாப்பாடு, சாமான், டூரிஸ்ட் என்று காசு வேறு வழியில் வருகிறது. இலையுதிர் காலத்தில் போயிருந்தபோது, அரண்மனைச் சுவரோரம் துணை நடிகர்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ராஜா காலத்து உடைக்கு மேலே பஞ்சு ஜாக்கெட். கையில் பார்சல் சோறு, கண் போனில், அடுத்து யார் கூப்பிடுவார்களோ என்று. ஒரு பையன், உன் வயசுதான் இருக்கும், நெஞ்சு முழுக்கச் சிவப்புச் சாயம். பிணமாக நடித்து எழுந்து வந்தவன். தயாரிப்பு ஆள் ஒருவர் ஓடிவந்து அவன் கையில் ஒரு சின்னச் சிவப்பு உறையைத் திணித்தார். செத்தவனாக நடித்தால் பீடை ஒட்டக்கூடாது என்று கொஞ்சம் காசு வைத்துக் கொடுப்பது இங்கே எல்லாப் படப்பிடிப்பிலும் வழக்கமாம். அவன் உறையை இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து, பிரிக்காமலேயே உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

நீ பாஸ்போர்ட் எடுத்துவிட்டாயா? விசாவுக்கு அழைப்புக் கடிதம் எங்கள் ஆபீசிலேயே வாங்கித் தருகிறேன். சந்தை திறந்த பிறகு வா, ஹெங்தியனில் இரண்டு நாள் தங்கலாம். அதற்குள் படத்தைத் தேடிப் பார்த்துவிடு. ஏலக் காட்சியை உன் இயக்குநருக்கும் போட்டுக் காட்டு. அவர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அம்மாவிடம் நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல். பொங்கலுக்கு அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா?

இப்படிக்கு,
உன் அண்ணன்