தமிழில் ஒரு நலவாழ்வு ஒலித்தொடர்: உங்கள் உதவி வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தன்பாலீர்ப்பு உள்ள இளைஞர்களுக்காகவும் திருநர் பிள்ளைகளுக்காகவும் உடல்நலம், மனநலம் பற்றித் தமிழில் ஓர் ஒலித்தொடர் தயாரிக்கிறோம். மொத்தம் 12 பகுதிகள், ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள். அதற்குப் பண உதவி கேட்டே இதை எழுதுகிறோம்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு சந்தேகம் வந்தால் வீட்டில் கேட்க ஆள் இல்லை. பள்ளியில் இனப்பெருக்கப் பாடத்தை "நீங்களே படிச்சுக்கோங்க" என்று தாண்டிவிடுகிறார்கள். குடும்ப டாக்டரிடம் போனால் விஷயம் அப்பா காதுக்குப் போய்விடுமோ என்ற பயம். மிச்சம் இருப்பது போன்தான். அதில் தமிழில் தேடினால், முன்பு ராத்திரி டிவியில் "வாலிப வயோதிக அன்பர்களே" என்று மிரட்டிய அதே வைத்தியம் இப்போது யூடியூபில் வந்து நிற்கிறது. நம்பத் தகுந்த தகவலோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் கிடக்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்று பாருங்கள். பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு எச்ஐவி வந்துவிடுமோ என்று பயப்படுபவர், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட்டால் தொற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது. சனிக்கிழமை இரவு நடந்தது என்றால் செவ்வாய் இரவு தாண்டக் கூடாது. இப்படி ஒரு மருந்து இருப்பதே தெரியாமல், யாரிடம் கேட்பது என்றும் தெரியாமல், அந்த மூன்று நாளும் போய்விடுகிறது. எங்கள் முதல் பகுதியே இதுதான். 1097 என்ற இலவச உதவி எண்ணில் எப்படிப் பேசுவது, அரசு மருத்துவமனையில் எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தை எப்படி விசாரிப்பது, நம் விவரத்தை ரகசியமாக வைக்க 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் என்ன சொல்கிறது, எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லப் போகிறோம்.

அப்புறம் ஹார்மோன். திருநங்கைப் பிள்ளைகள் சிலர், அதில் பெண் ஹார்மோன் இருக்கிறது என்று மெடிக்கலில் கருத்தடை மாத்திரை வாங்கி, தோழி சொன்ன கணக்கில் சாப்பிடுகிறார்கள். அளவு கூடினால் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் திருநருக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். பெண்ணை விரும்பும் பெண்களுக்கும் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை அவசியம், அதற்கு ஒரு பகுதி. பிள்ளைகளின் பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ 'மாற்றிவிடுகிறோம்' என்று கிளம்பும் மருத்துவர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். வீட்டாரே வைத்தியத்துக்கு இழுத்துப் போகும் ஒரு பிள்ளைக்கு இது தெரிந்தால் எவ்வளவு தெம்பாக இருக்கும்!

வீடியோ ஏன் இல்லை என்று கேட்டவர்கள் உண்டு. பல வீடுகளில் போன் எல்லோர் கைக்கும் போய் வருகிறது. வீடியோவில் திரையே காட்டிக்கொடுத்துவிடும். ஒலி என்றால் ஹெட்செட் மாட்டிக்கொண்டு பஸ்ஸில்கூடக் கேட்கலாம். கோப்புகளுக்கும் 'பாடம் 1', 'பாடம் 2' என்றுதான் பெயர் வைக்கிறோம்.

ஒரு பகுதிக்கு 15,000 ரூபாய், மொத்தம் 1,80,000 ரூபாய் தேவை. எழுதியதைச் சரிபார்க்கும் மருத்துவர்கள் பணம் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஸ்டூடியோ வாடகை, எடிட்டிங், குரல் கொடுப்பவர்களின் சம்பளம், இவைதான் செலவு. குரல் கொடுப்பவர்கள் நம் சமூகத்துப் பிள்ளைகளே, அவர்களை இலவசமாக வேலை வாங்க எங்களுக்கு மனமில்லை. மருந்து கம்பெனிகளிடம் பணம் வாங்குவதில்லை என்றும் முடிவு செய்திருக்கிறோம். நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு, வரவு செலவுக் கணக்கும் அனுப்புவோம்.

கணக்கு விவரத்தை, இதை உங்களிடம் கொடுத்த குழு உறுப்பினரிடமே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும்போது 'ஒலித்தொடர்' என்று மட்டும் குறிப்பிட்டால் போதும். பெயர் வெளியே வர வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், எங்கேயும் வராது. பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் ஒத்திகைக்கு ஓர் அறை தரலாம், இல்லை, கொங்குத் தமிழிலோ நெல்லைத் தமிழிலோ ஒரு பகுதிக்குக் குரல் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
ஒலித்தொடர் குழுவினர்,
மதுரை